களர் என்று யார் சொன்னது?

"உன் மண்டையில் என்ன, களிமண்ணா?"

இந்தக் கேள்வி காதில் விழாமல் வளர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? வகுப்பில் கேட்டிருப்பாய். வீட்டில் கேட்டிருப்பாய். இரண்டு தாளில் அரியர் விழுந்த நாளில், வேறு யாரும் சொல்லாமலே உன்னை நீயே கேட்டிருப்பாய்.

தம்பி, தங்கையே! இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவோம். ஆமாம், களிமண்தான் என்றே வைத்துக்கொள். அதிலும் ஒரு பயிர் தேறாத களர் என்றே வைத்துக்கொள். அத்தோடு உன் கதை முடிந்ததா? முடியவில்லை என்கிறது திருச்சிராப்பள்ளி மண்!

கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அதைக் கேட்டுத் தலைகுனியாதே. கற்காமல் விட்டவரைத்தான் அவர் அங்கே சொன்னார். கற்கவே முடியாதவர் என்று யாரையும் சொல்லவில்லை. களரும் திருந்தும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டுக்குப் போய்ப் பார். அங்கே அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அமைந்திருப்பதே களர் மண்ணில்தான். மணிகண்டம் வட்டாரத்து உழவர்கள் பலருக்கும் வாய்த்தது அதே மண்தான். நல்ல நிலம் வேண்டும் என்று அவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. வாய்த்த மண்ணையே விளைய வைக்கும் வழியைப் பிடித்தார்கள். அந்த வழியில் உனக்கும் எனக்கும் பாடம் இருக்கிறது.

மண் வேறு, ஒட்டியது வேறு

களர் மண்ணுக்கு என்ன நோய்? களித்துகள்களின் மேல் சோடியம் அளவுக்கு மீறி ஒட்டியிருக்கிறது. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டுகிறது. சோடியம் ஏறிய களி ஈரம் பட்டதும் கலைந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் கலங்கலாக மேலேயே நிற்கும். காய்ந்தால் மண் பாறைபோல இறுகும். வேர் இறங்காது, காற்றும் புகாது. வழிப்போக்கன் பார்த்துவிட்டு "உதவாத மண்" என்று சொல்லிப் போவான்.

வேதிப்பொறியாளர் அப்படிச் சொல்லமாட்டார். திடப்பொருளில் தங்கியிருக்கும் ஒன்றைத் தகுந்த திரவத்தால் கரைத்து வெளியே கொண்டுவரலாம் என்பார். லீச்சிங் என்பது அதுதான். ஸ்ரீரங்கத்து வீடுகளில் விடியற்காலையில் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன் லீச்சிங்தான். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பதும், தாதுவிலிருந்து தங்கம் எடுப்பதும் லீச்சிங்தான். 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று என்.ஐ.டி.யாக வளர்ந்திருக்கும் துவாக்குடி வளாகத்தில், மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் மாணவர்கள் கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டுப் படிப்பதும் இதையேதான்.

இந்த அறிவியல் முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: ஒட்டியதைப் பிரிக்க முடியும்! ஆங்கிலம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்வது, மேடை ஏறினால் கால் நடுங்குவது, கணக்கைப் பார்த்தாலே வயிறு கலங்குவது, இவையெல்லாம் உன்மேல் வந்து ஒட்டியவை. உன்னோடு பிறந்தவை அல்ல. வந்து ஒட்டியதை வெளியேற்ற வழி உண்டு.

வெறும் தண்ணீர் போதாது

உவர் நிலத்தில் உப்பு சும்மா கிடக்கிறது. நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போய்விடும். களர் நிலத்தில் சோடியம் களியையே பற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அசையாது. அதனால் முதலில் மண்ணைப் பரிசோதிக்கிறார்கள். பரிசோதனை காட்டும் ஜிப்சத் தேவையில் பாதியை இட்டு, தண்ணீர் கட்டுகிறார்கள். ஜிப்சத்திலிருக்கும் கால்சியம் களியின்மேல் போய் உட்காருகிறது. ஒரு கால்சியம் உட்கார வேண்டுமென்றால் இரண்டு சோடியம் எழுந்தாக வேண்டும்! எழுந்த சோடியம் நீரில் கரைந்த பிறகுதான் அதைக் கழுவி வெளியேற்ற முடிகிறது.

"பயப்படாதே, பயப்படாதே" என்று உனக்குச் சொன்னவர்கள் வெறும் தண்ணீரை ஊற்றினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் பயம் எழுந்து போக வேண்டுமானால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார வேண்டும். விடையைப் பார்க்காமல் நீயே போட்டு முடித்த ஒரு கணக்கு. தடுமாறினாலும் நிறுத்தாமல் பேசி முடித்த ஐந்து வாக்கியம். உன் கையால் நீயே சாலிடர் வைத்து எரிய வைத்த ஒரு விளக்கு. அப்படி ஒன்று வந்து அமரட்டும், இரண்டு பயம் எழுந்து ஓடும்!

அந்த ஜிப்சத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறாயா? பழைய திருச்சி மாவட்டத்தில் இருந்து, இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் காரை கிராமத்தைப் பார். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த இடம் அது. அந்தக் கடல் விட்டுப்போன களிமண்ணின் ஊடே வெள்ளைப் பட்டைகளாக ஜிப்சம் ஓடுகிறது. நோயும் மருந்தும் ஒரே சீமையின் மண்ணில்! உனக்கான மருந்தும் பக்கத்திலேயே இருக்கிறது. மாவட்ட மைய நூலகத்தின் கதவு உனக்காகவும்தான் திறந்திருக்கிறது. அதே தாளில் ஒருமுறை தோற்று மறுமுறை வென்ற சீனியர் அடுத்த அறையில் இருக்கிறார். போய்க் கேள்! கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஒன்பதை மூன்றாகப் பிரி

இப்போது ஒரு கணக்கு. ஓடாதே, உட்கார்!

கொஞ்சம் மண் 1 லிட்டர் உப்புக் கரைசலைப் பிடித்து வைத்திருக்கிறது. எப்படி வடித்தாலும் 1 லிட்டர் ஈரம் அதில் தங்கிவிடும். உன் கையில் 9 லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கிறது. ஒன்பதையும் ஒரே தடவையில் ஊற்றி, நன்றாகக் கலக்கி வடித்தால், 10 லிட்டரில் 1 லிட்டர் மண்ணிலேயே நிற்கும். பத்தில் ஒரு பங்கு உப்பு, அதாவது 10 சதவீதம் மிச்சம்.

அதே தண்ணீரை மும்மூன்று லிட்டராக மூன்று தடவை ஊற்றி வடி. முதல் தடவையில் கால் பங்கு மிஞ்சும். இரண்டாவதில் அந்தக் காலில் கால், பதினாறில் ஒரு பங்கு. மூன்றாவதில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. 1.6 சதவீதம்கூட இல்லை!

ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவில்லை. பிரித்து ஊற்றியது மட்டும்தான் வித்தியாசம். வயலிலும் இப்படித்தான். தண்ணீரை இடைவிடாமல் தேக்கி வைப்பதைவிட, விட்டுவிட்டுத் தேக்கினால் குறைந்த நீரிலேயே உப்பு வெளியேறும்.

தேர்வுக்கு முந்தைய இரவில் ஒன்பது மணி நேரத்தைக் கொட்டிவிட்டு "எனக்கு மண்டையில் ஏறாது" என்று நீ தீர்ப்பு எழுதுகிறாயே, அது என்ன நியாயம்? அதே ஒன்பது மணி நேரத்தை மூன்று நாளாகப் பிரித்து உட்கார்ந்து பார்த்தாயா? அதைச் செய்யாதவரை உன்னைப் பழிக்க உனக்கே உரிமை கிடையாது!

ஆலைகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். எதிர்முகப் பாய்வு என்று அதற்குப் பெயர். திடப்பொருள் ஒரு பக்கமிருந்து வர, கரைப்பான் எதிர்ப்பக்கமிருந்து வரும். கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்து, கடைசிக் கட்டத்தில் வெளியேறப்போகும் திடப்பொருள்மேல்தான் ஒன்றும் கலக்காத புதுக் கரைப்பான் விழும். கடைசியில் ஒட்டியிருக்கும் கொஞ்சத்தை எடுப்பதுதான் கடினம் என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. நீயும் அப்படியே செய். களைத்த இரவின் மிச்சத்தை உனக்குப் பிடிபடாத பாடத்துக்குக் கொடுக்காதே. புத்துணர்ச்சியான காலை வேளையை அதற்குக் கொடு!

வடிகால் வெட்டு

ஜிப்சம் இட்டாயிற்று, தண்ணீரும் கட்டியாயிற்று. வடிகால் இல்லையென்றால்? எழுந்த சோடியம் அங்கேயே நிற்கும், தண்ணீர் வற்றினால் மண்ணோடு தங்கிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். களர் திருத்துபவர்கள் வடிகாலில் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

உன் வடிகால் எங்கே? மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன ஒரு சொல்லை இன்னும் தேக்கி வைத்திருக்கிறாயே, அதை வெளியே விடு. பழைய மதிப்பெண்ணை மனத்துக்குள் ஓட்டி ஓட்டிப் பார்ப்பதை நிறுத்து. "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று தினமும் பாடும் கூட்டத்திலிருந்து எழுந்து வா.

மண் திருந்தட்டும் என்று காத்திராதே

காவிரியும் கொள்ளிடமும் சுற்றி ஓடி வண்டல் சேர்த்த ஸ்ரீரங்கத் தீவின் மண் சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்துவிடுகிறது. படித்த பெற்றோர், புத்தகம் நிறைந்த வீடு. வாய்த்தவர்கள் வாழட்டும்! அவர்களைப் பார்த்து நீ ஏங்கி நிற்கும் ஒவ்வொரு பருவமும் உன் வயல் தரிசாகக் கிடக்கிறது.

நாவலூர் குட்டப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் மண் முழுவதும் திருந்தட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. களரைத் தாங்கி நிற்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களைக் கொடுத்தார்கள். தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழச் சொன்னார்கள். மண் திருந்திக்கொண்டே இருக்கும், பயிரும் விளைந்துகொண்டே இருக்கும். திருத்துவதும் விளைவிப்பதும் ஒரே வயலில், ஒரே பருவத்தில்!

ஆகவே முழுத் தைரியம் வந்த பிறகு விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லாதே. நடுக்கத்தோடே விண்ணப்பி. ஆங்கிலம் சரளமான பிறகு நேர்காணலுக்குப் போகிறேன் என்று சொல்லாதே. இருக்கும் ஆங்கிலத்தோடு போ, மீதியைப் போகப் போகப் பழகு.

உன்னை அதிகம் பயமுறுத்தும் பாடத்தை இப்போதே கையில் எடு. எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறாய் என்று ஒரு வரி எழுது. அதுதான் மண் பரிசோதனை. அதிலிருந்து ஒரே ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டுப் படு. நாளை மூன்று மணி நேரம், மறுநாள் மூன்று, அதற்கடுத்த நாள் மூன்று. நான்காம் நாளும் பாடம் மடங்கவில்லையா? மறுபடி மூன்று நாள் உட்கார்! ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் குறைந்தே தீரும். எழுந்திரு, ஆரம்பி!