பன்னிரண்டு மில்லிமீட்டர்

விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் மீட்டர்கேஜ் பாதை வந்தது. 2000-களின் தொடக்கத்தில் அது அகலப்பாதையாக மாறியது. மீட்டர்கேஜ் காலத்தில் அந்தப் பாதையில் ஓடிய கொல்லம் மெயில் என்ற ரயிலைச் சிற்றுருவாகச் செய்ய விரும்புவோர் முதலில் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும்.

கடைகளில் எளிதில் கிடைப்பது 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம். 87-இல் ஒரு பங்கு அளவில் அது ஐரோப்பிய ரயிலுக்கே பொருந்தும். நம் மீட்டர்கேஜுக்கு 11.5 மி.மீ. வேண்டும், விற்பனையில் உள்ள 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒரு மீட்டர் பாதைமேல் சுமார் 2.7 மீட்டர் அகலப் பெட்டி! இருபுறமும் பிதுங்கி நின்ற அந்த உடல்வாகுதான் கொல்லம் மெயிலின் அழகு. அகலமான தண்டவாளத்தில் வைத்தால் வண்ணம் எவ்வளவு பொருந்தினாலும் அது வேறு ரயில்.

அடுத்து, இரு பெட்டிகளுக்கு இடையே நடுவில் இருந்த ஒற்றை பஃபர். ஒய்.பி. வகை நீராவி எஞ்சினுக்கு முன்னே நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னே இரண்டு. ஜன்னல் கம்பிகளையும் விட்டுவிடக் கூடாது. அந்த வண்டியில் போன பெரியவர்கள் முதலில் தேடுவது அவற்றைத்தான்.