நத்தையின் குற்றம்

கொல்வதற்கு முன் நாம் ஒரு பெயரைத் தேடிக்கொள்கிறோம். களை, பூச்சி, பீடை. இந்தப் பெயர்களில் அந்த ஜீவனைப் பற்றிய சேதி எதுவுமில்லை. நம் சௌகரியத்தைப் பற்றிய சேதி நிறைய உண்டு.

கடல்நீர்த் தொட்டியில் பவளமும் டிரிடாக்னா மட்டியும் வளர்க்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பிரமிடெல்லிட் என்று ஒரு வகை நத்தை. சில மில்லிமீட்டர் நீளம், குருணை போல வெளுப்பு. பகலில் மட்டியின் ஓட்டடியில் ஒளிந்திருக்கும். இரவில் மேலேறி, சதை விளிம்பில் உறிஞ்சுகுழலைச் செருகி உடல்நீரைக் குடிக்கும். கடலிலும் அது செய்வது இதையேதான். ஆனால் அங்கே அதைத் தின்ன மீன் உண்டு. ஒரு மட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் உண்டு. தொட்டி என்பது இவ்விரண்டும் சுருங்கிப்போன கடல். நத்தை அப்படியேதான் இருக்கிறது. பீடையாக அதை மாற்றியது கண்ணாடிச் சுவர்.

தண்ணீரில் செம்பு உப்பைக் கலந்தால் நத்தை சாகும். மட்டியும் பவளமும் கூடவே சாகும். விஷத்துக்கு நாம் வைத்த பெயர்கள் தெரியாது. ஏவிவிட்ட பிராணிக்கும் தெரியாது. பசிபிக் கடலின் மூரியா தீவில், பயிரைத் தின்ற ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க, 1977இல் வேறொரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அத்தீவுக்கே உரிய பார்ட்டுலா என்னும் சிறு மர நத்தைகளைத் தின்றது. பத்தாண்டுகளில் அவை காட்டில் அநேகமாக இல்லாமற்போயின. பார்ட்டுலாவை யாரும் பீடை என்று சொன்னதில்லை.

மிஞ்சுவது கை. இரவில் டார்ச் வெளிச்சத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். ஓட்டில் பசைபோல் ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து அகற்றுகிறேன். முட்டைகள் தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. கையால் செய்வதால் கொலை புனிதமாகிவிடாது. ஆனால் கை எதை எடுக்கிறதென்று கண் பார்த்தாக வேண்டும். விஷத்தை ஊற்றுகிறவனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

அஹிம்சை பேசிச் சும்மா இருப்பதும் ஒரு தேர்வுதான். அதன் விலையை மட்டி கொடுக்கும். மட்டி வாழட்டும் என்று தீர்மானிப்பவன் நான். அதில் நத்தையின் குற்றம் எங்கே வருகிறது? பழிக்காமல் கொல்ல முடியுமென்றே நினைக்கிறேன், எண்ணிக்கை சிறிதாக இருக்கும்வரை. பெருகினால் கைக்கு அலுப்புத் தட்டும். அப்போதுதான் அந்தப் பெயர் உதவிக்கு வருகிறது.