அழித்து எழுதிய வரி

தீபாவளி விடுமுறைக்கு ஹட்டனுக்குப் போயிருந்தபோது அண்ணன் வீட்டில் பார்த்த ஒரு கொப்பி என்னை இன்னும் விடவில்லை. அண்ணன் மகளின் விஞ்ஞானச் செய்முறைக் கொப்பி அது. அமிலமும் மூலமும் பற்றிய பாடம். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானம், முடிவு என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுப் பிரித்திருந்தாள். அவதானம் என்ற கட்டத்தில் மட்டும் தாள் தேய்ந்து, பின்பக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. அந்த இடத்தில் 'நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாக மாறியது' என்று பேனையால் எழுதியிருந்தாள். கொப்பியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அடியில் பென்சில் அழுத்திய தடம் இருந்தது: 'மாற்றம் இல்லை.'

"ஏன் புள்ள இத அழிச்ச?"

"சிவப்பாத்தானே அத்த வரணும். புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு. டீச்சரும் அதத்தான் எழுதச் சொன்னாங்க."

"ஒனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. அந்தத் தாளு மொதல்லயே ஒரு மாதிரி ரோஸாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் மனம் அந்தத் தேய்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதக்கணக்கில் பனியும் தூறலும் விடாத மலையில், இறுக மூடாத போத்தலில் பாசிச்சாயத்தாள் எத்தனை நாள் நீலமாக இருக்கும்? அதே அலுமாரியில் ஐதரோக்குளோரிக் அமிலமும் இருந்தால், அதன் ஆவியே தாளைச் சிவக்க வைத்துவிடும். ஏற்கெனவே சிவந்த தாளை அமிலத்தில் தோய்த்தால் மாற்றம் தெரியாது. ஆகவே பிள்ளை முதலில் எழுதியது உண்மை. டீச்சர் எழுதச் சொன்னதும் உண்மை. நல்ல நீலத்தாள் அமிலத்தில் சிவக்கத்தான் செய்யும். இரண்டு உண்மைகளில் ஒன்று மட்டும் கொப்பியில் தங்கியது. இரண்டையும் இணைக்கக்கூடிய செய்தி ஒன்றும் இருந்தது: தாள் முதலிலேயே ரோஸாக இருந்தது என்பது. அதை யாருமே எழுதவில்லை. அந்த வகுப்பில் அன்று நடந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் அம்மா வந்து நிற்கிறார்.

அம்மா கொழுந்து பறித்தவர். மாலையில் மலையடியில் தராசு தொங்கும். வரிசையாகக் கொழுந்தைக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பக்கத்தில் நிற்பேன். முள் ஒரு எண்ணைக் காட்டும். கணக்கப்பிள்ளை வேறொரு எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்வார். இடையில் போனதற்கு ஈரக் கழிவு என்று பெயர். மழை நாளில் இலையில் தண்ணீர் நிற்கும், அந்த எடையைக் கழிக்க வேண்டும் என்பது நியாயம். சுள்ளென்று வெயில் அடித்த நாளிலும் அதே கழிவு விழுந்தால் அதை என்னவென்று சொல்வது? சொன்ன நிறுவைக்குக் குறைந்தால் அரைப் பேர்தான், பாதி நாள் கூலிதான். அந்த ஒரு கிலோ, இரண்டு கிலோவில்தான் எங்கள் வீட்டு மாவும் சீனியும் இருந்தன.

ஈரம் எவ்வளவு என்று அறிவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். நனைந்த கொழுந்தில் ஒரு கிலோவை நிறுத்து, உதறி, நிழலில் சற்றுப் பரப்பி, மேலே நின்ற தண்ணீர் போன பிறகு திரும்ப நிறுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தராசு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதே கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போனதும் ஈரத்துக்கு மரியாதை வந்துவிடும். வாட்டும்போது எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று பார்த்துப் பார்த்துத்தான் அரைப்பார்கள். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும். தூளின் விலை அந்தக் கணக்கில் இருப்பதால் அங்கே அளந்தார்கள். அம்மாவின் கூலி இருந்த இடத்தில் அளக்கவில்லை.

ஒரு நாள் அம்மா முள்ளில் பார்த்த எண்ணை வாய்விட்டுச் சொன்னார். சத்தம் போடவில்லை, எண்ணை மட்டும்தான் சொன்னார். மறுநாள் முதல் கொஞ்ச காலம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கொழுந்து அற்றுப்போன மேட்டு நிரைகள். இடுப்புப் படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணுல பட்டத எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கக் கூடாது பாப்பா."

அண்ணன் மகளின் அழிறப்பருக்கு அவ்வளவு பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எனக்கு அந்த இஸ்தோப்புதான் நினைவுக்கு வருகிறது. பார்த்தது ஒன்று, எழுதப்படுவது ஒன்று என்பதை நாங்கள் பாடசாலையில் கற்கவில்லை.

எப்போதோ படித்த ஒரு கதையும் இதோடு சேர்ந்துகொண்டு என்னைப் படுத்துகிறது. 1785இல் இங்கிலாந்தில் ஹென்றி கவெண்டிஷ் ஒரு குழாயில் காற்றை அடைத்து, ஒட்சிசனைச் சேர்த்து, மின்பொறி பாய்ச்சிக்கொண்டே இருந்தார். நைதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து காரக் கரைசலில் கரைந்துபோனது. எவ்வளவு பாய்ச்சியும் கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் போகவே இல்லை. நைதரசனில் அது 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று அவர் எழுதிவைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் சொல்ல வந்த கருத்துக்கும் அது தேவைப்படவில்லை. விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை.

நூறு வருடம் கழித்து ரேலி பிரபு நைதரசனின் எடையை அளந்தார். ஒரே பாத்திரம். காற்றிலிருந்து எடுத்த நைதரசன் 2.3102 கிராம், இரசாயனச் சேர்வைகளிலிருந்து எடுத்தது 2.2990 கிராம். வித்தியாசம் இருநூறில் ஒரு பங்குதான். கை தவறிவிட்டது என்று சொல்லிச் சரிசெய்துவிடக்கூடிய அளவு. அவர் திரும்பத் திரும்ப அளந்தார். 1892இலேயே, எனக்கு இது புரியவில்லை, உங்களில் யாருக்காவது காரணம் தெரியுமா என்று நேச்சர் சஞ்சிகைக்கு எழுதிக் கேட்டார். வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். 1894இல் ஆகன் வெளிப்பட்டது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருக்கும் வாயு அது. கவெண்டிஷின் குமிழி அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரேலிக்குப் பௌதிகத்தில், ராம்சேக்கு இரசாயனத்தில்.

கவெண்டிஷ் அந்தக் குமிழியை எழுதாமல் விட்டிருந்தாலும் ஆகன் என்றாவது ஒரு நாள் கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் தன் கருத்துக்கு உதவாத ஒன்றை, பார்த்தோம் என்ற ஒரே காரணத்துக்காக எழுதிவைக்கும் அந்தக் கை இருக்கிறதே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் மலையிலேயே அப்படி ஒரு கை இருந்திருக்கிறது. தேயிலைக்கு முன்னால் இந்தச் சரிவுகளில் கோப்பிதான் நின்றது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. மண் சத்து இழந்தது, காலநிலை சரியில்லை என்று தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் கூப்பிட்டது. அவர் கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் தடவிக் கோப்பித் தோட்டங்களில் வைத்தார். காற்றில் வந்த வித்திகள் அதில் ஒட்டிக்கொண்டன. இலைமேல் நிற்கும் நீர்த்துளியில் அவை முளைத்து, இலைவாய் வழியே உள்ளே நுழைவதை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பங்கசுதான் காரணம் என்று காட்டினார். தோட்டக்காரர்கள் காத்திருந்தது மருந்துக்கு. பரவிவிட்ட நோயைத் தீர்க்கும் மருந்து அவரிடம் இல்லை. இருப்பதாக அவர் சொல்லவும் இல்லை. 1882இல் திரும்பிப் போனார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, அதன் பின்னால் எங்கள் பாட்டன் பூட்டன்மார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

முடிவை முதலில் எழுதிவிட்டு அவதானத்தைப் பிறகு தேடினால் என்ன ஆகும் என்பதையும் இதே மலையில் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தது. முதலில் சோதித்துப் பார்க்க இடம் இல்லாமல் இல்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இலேயே தொடங்கிவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் தலவாக்கலையில்தான் இருக்கிறது. ஒரு மலையில் உரம் போட்டும் இன்னொரு மலையில் போடாமலும் சில பருவங்கள் பார்த்திருக்கலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை நீங்கியது. ஆனாலும் 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தபோது நிறுவை குறைந்தது. நிறுவை குறைந்தபோது யாருடைய பேர் அரைப் பேரானது என்று சொல்ல வேண்டியதில்லை.

விடுமுறை முடிந்து திரும்புவதற்கு முந்தின நாள் அண்ணன் மகளைக் கூப்பிட்டு, இரண்டு கண்ணாடிக் கிளாஸில் பிளேன்டி ஊற்றச் சொன்னேன். ஒன்றில் தேசிக்காய் பிழிந்தாள். கருஞ்சிவப்பு கண்ணெதிரே வெளிறி, தேன் நிறத்துக்கு வந்தது. மற்றதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டாள். அது கறுத்தது. ஸ்டோரில் அரைபட்ட கொழுந்து காற்றுப் பட்டு ஒட்சியேறும்போது உண்டாகும் நிறப்பொருட்கள் அமிலத்தில் வெளிறும், காரத்தில் கறுக்கும். "அப்ப இதுவும் பாசிச்சாயம் மாதிரியா அத்த?" என்றாள். ஆமாம் என்றேன். "தேசிக்காய் ஊத்துனா தண்ணி கூடித்தானே வெளிறும்?" என்றாள் அடுத்து. அப்படியானால் மூன்றாவது கிளாஸில் அதே அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார் என்றேன். ஊற்றினாள். கொஞ்சம்தான் வெளிறியது. நான் சொல்லாமலே போய்க் கொப்பியை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தில் மூன்று கிளாஸையும் வரைந்தாள். பரீட்சைக்கு வராத பக்கம் அது.

செய்முறைப் பக்கத்தைத் திருத்தச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சைதான் அவளை லயத்துக் காம்பராவிலிருந்து வெளியே கொண்டுபோகப் போகிறது. அதில் கேட்டால் சிவப்பு என்றுதான் எழுத வேண்டும். பார்த்ததைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை அவள் பாட்டி மேட்டு நிரைகளில் அனுபவித்தார். தூரத்தில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, நீ பார்த்ததையே எழுது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்வது எனக்கு எளிது. அதற்கு விலை கொடுக்கப்போவது அவள். அம்மா சொன்னது பயந்த பேச்சா, பிழைக்கத் தெரிந்தவரின் புத்தியா என்பதைக்கூட என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்கலாம். அதைப் பிள்ளைகளிடம் கேட்கவில்லை, மலையகத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் கேட்கிறேன். உங்கள் அலுமாரியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரியும். புதிய தாள் வரும்வரை அந்த ரோஸ் தாளையே வைத்துச் செய்யுங்கள். பிள்ளை 'மாற்றம் இல்லை' என்று எழுதினால் அந்த வரி இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு கோடு போட்டு, வர வேண்டியது எது, வராததற்கு என்ன காரணமாக இருக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வேண்டியதும் அதில் இருக்கும், பிள்ளை பார்த்ததும் இருக்கும். அழிக்க மட்டும் சொல்லாதீர்கள்.