குண்டோடு போகாத துணி

அம்மாவைப் பெற்ற அம்முச்சி துணி கிழிக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பழைய நாலு முழ வேட்டியின் ஓரத்தில் பல்லால் ஒரு கடி. பிறகு இரண்டு கையாலும் சர்ரென்று ஒரே இழுப்பு. நூல் பிடித்துக் கிழிந்த துண்டு ஓரம் கோணாமல் வரும். தொப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாட்களில் அந்தத் துண்டுகள் அப்புச்சியின் துப்பாக்கிக்குப் போகும்.

குழல் வாய் வழியாகவே மருந்தையும் துணியையும் போட்டுக் கஜக்கோலால் இடிக்கும் ஒற்றைக் குழல் அது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கியது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கான துப்பாக்கி என்று இந்த வகையைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது. தேர்தல் அறிவித்தால் அப்புச்சி அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதை டிரங்குப் பெட்டிக்குள் நிலப் பத்திரத்தோடு வைப்பார். பன்றியை விரட்டத்தான் துப்பாக்கி. குண்டு போட்டு நான் பார்த்ததில்லை. மருந்தும் துணியும் மட்டும். சத்தத்துக்கே பன்றி வேலி தாண்டிவிடும்.

எல்லாத் துணியும் ஆகாது. ஒருமுறை அம்முச்சி மாமாவின் பழைய சட்டையோடு வந்து, “ஏனுங்க, இது ஆகாதுங்களா?” என்றாள்.

“நூலை உருவிக் கொளுத்திப் பாரு புள்ள.”

விளக்கில் காட்டினாள். நூல் சுருண்டு, உருகி, நுனியில் கடுகு போல ஒரு கறுப்பு மணி கட்டியது. வேட்டி நூலைக் காட்டியபோது காகிதம் எரிகிற வாடை வந்து, விரலில் தொட்டால் பொடியாகும் சாம்பல் மட்டும் மிஞ்சியது. பாலியஸ்டர் கலந்த துணி குழலுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்திதான் நெருப்பைப் பார்த்துவிட்டுத் துணியாகவே வெளியே வரும்.

புதுத் துணியையும் அவர் தொடமாட்டார். தறியில் ஏறும் முன் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். சின்னாளபட்டிச் சேலை கட்டியவர்களுக்குத் தெரியும், முதல் சலவை வரை சேலை உடம்புக்கு அடங்காது. “வெறப்பு போகணும், அப்பறந்தான் மடங்கும்” என்பார். வெந்நீரில் அலசி, நிழலில் காயவைத்து, கையால் நீவி, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து ஒரு தகர டப்பாவில் அடுக்கி வைப்பாள் அம்முச்சி. எண்ணெய் சொட்டவும் கூடாது, காய்ந்து போகவும் கூடாது. அந்தப் பதம் அவள் விரலுக்குத்தான் தெரியும்.

இது பட்டிக்காட்டுக் கைவேலை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, பழைய ரைபிள்காரர்களுக்கு இதுவே பெரிய வித்தை. 1790-ல் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்த கம்பெனிச் சிப்பாய்களிடம் இருந்த மஸ்கட்டின் குழல் உள்ளே மழமழவென்று இருக்கும். குழலைவிடச் சிறிய குண்டு, காகிதப் பொட்டலத்தோடு உள்ளே விழும். நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். எங்கே படும் என்பது கடவுள் விட்ட வழி. ரைபிள் அப்படியல்ல, குழலுக்குள் முறுக்கிய பள்ளங்கள் உண்டு. 1800-ல் ஆங்கிலப் படைக்கு வந்த பேக்கர் ரைபிளில் ஏழு பள்ளங்கள், 30 அங்குலக் குழலில் கால் சுற்று. அந்தச் சுற்றைக் குண்டு வாங்கிக்கொண்டால்தான் நேராகப் போகும். இரும்பு பிடித்துச் சுழற்ற வேண்டும், ஈயம் சுழல வேண்டும். நடுவில் இருந்து இரண்டையும் கோத்துவிடுவது கொழுப்புத் தடவிய ஒரு சிறு துண்டு. அதை வைக்கவே துப்பாக்கிக் கட்டையில் பித்தளை மூடி போட்ட அறை இருந்தது. குண்டு இறங்காமல் முரண்டு பிடித்ததால் முதலில் ஒரு மரச்சுத்தியும் கொடுத்திருக்கிறார்கள்!

கணக்கைப் பாருங்கள். அரை அங்குலக் குழலுக்கு வழக்கமாக 0.490 அங்குலக் குண்டு போடுகிறார்கள். சுற்றிலும் மிஞ்சும் சந்து 0.005 அங்குலம். அதற்குள் போகும் துணியின் தடிப்போ 0.015 அங்குலம், சந்தின் அளவைப்போல மூன்று மடங்கு. இத்தனை நெருக்கடிக்குள் அது நசுங்கி, மிச்ச உடம்பைப் பள்ளங்களுக்குள் ஒதுக்கி, பின்னாலிருந்து வரும் நெருப்பு ஒழுகாமல் அடைத்துக்கொள்கிறது. வெளிநாட்டில் இன்றும் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் தலையணை உறைக்கான கோடு போட்ட கெட்டித் துணியைத் தேடி வாங்குகிறார்கள். காலிகோவும் உண்டு. கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிய துணி என்பதால் அதற்கு அந்தப் பெயர்.

தடவுகிற கொழுப்பும் சின்ன விஷயமல்ல. 1857-ல் என்ஃபீல்டு தோட்டாவின் காகிதத்தில் பூசியது எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற கேள்வியில் ஒரு ராஜ்யமே ஆட்டம் கண்டது.

குழலைவிட்டு வந்ததும் துணி குண்டைப் பிரிந்துவிடும். குண்டு குறிக்குப் போகும்; துணி பத்துப் பதினைந்து கஜத்தில் தரையில் கிடக்கும். தேர்ந்த கை அதைத் தேடி எடுத்து விரித்துப் பார்க்கும். முழுசாக, நடுவில் கறுத்து, ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் எல்லாம் சரி. வரிசையாக வெட்டுப்பட்டிருந்தால் பள்ளத்தின் விளிம்போ குழல் வாயோ கூராக இருக்கிறது. பொத்தலாக எரிந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதவில்லை. குறிப்பலகை எங்கே பட்டது என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். ஏன் தப்பியது என்பதற்குத் துணிதான் சாட்சி.

அப்புச்சியும் சுட்டதும் டார்ச் அடித்துத் துணியைத் தேடுவார். அவர் கவலை வேறு. புகைந்துகொண்டே விழும் துணி சோளத்தட்டுப் படப்பில் பட்டால் வருஷத் தீவனம் போச்சு. மிதித்து அணைத்துவிட்டு வருவார். கிடைக்காவிட்டால் அம்முச்சி தூங்கமாட்டாள்.

அப்புச்சியும் மாமாவும் பல வருஷம் பேசிக்கொண்டதில்லை. தென்னந்தோப்பை விற்று போர்வெல் போடுவதா என்பதில் தொடங்கியது. ஒரே திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். “அவனைச் சாப்பிடச் சொல்லு” என்பார் இவர். “பசியில்லைன்னு சொல்லும்மா” என்பார் அவர். இரண்டையும் அம்முச்சி கையில் வாங்கி, சூட்டைக் கொஞ்சம் தணித்து, மறுபக்கம் கொடுப்பாள். அந்த வீடு உடையாமல் நின்றதற்கு ஊர் அப்புச்சியின் வைராக்கியத்தைச் சொன்னது, மாமாவின் பொறுமையைச் சொன்னது. நானும் அந்த இரண்டு முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்பதெல்லாம் நடுவில் இருந்தவள்மேல் எழுதியிருந்தது: ராத்திரியில் பாதியில் நிறுத்திய சாப்பாடு, யார் இருமினாலும் எழுந்து உட்காரும் பழக்கம், காரணமில்லாமல் நடுங்கத் தொடங்கிய விரல். இரும்பின்மேல் ஒரு கீறலும் இருக்கவில்லை.

அவள் போய்ச்சேர்ந்த வருஷமும் சோளம் பால் பிடித்தது, பன்றி வந்தது. டப்பாவில் துணி தீர்ந்திருந்தது. அப்புச்சி ஒரு வேட்டியை எடுத்துக் கிழித்தார். நூல் பிடிக்கத் தெரியவில்லை. கிழிசல் கோணிக்கொண்டு போனது. இன்னொரு முறை கடித்து இழுத்தார், அதுவும் கோணல். திண்ணையின் அந்தக் கோடியில் இருந்து மாமா எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் துணியின் மறுமுனையைப் பிடித்தார்.