விளம்பரமும் மனச்சாட்சியும்

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறீர்கள். வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரையில் எத்தனை விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். சுவரில் எழுதியது, மின்கம்பத்தில் கட்டியது, பேருந்தின் முதுகில் ஒட்டியது, ஆட்டோவின் பின்னால் தொங்குவது என்று கணக்கு இரு கை விரல்களுக்குள் அடங்காது. இவற்றில் ஒன்றையாவது நாம் கேட்டு வாங்கினோமா? பத்திரிகை விளம்பரத்தைப் பக்கம் புரட்டித் தவிர்க்கலாம். வானொலியை நிறுத்திவிடலாம். வீதியை எப்படி மூடுவது? ஆகையால் பொதுவிடத்தில் விளம்பரம் செய்கிறவர், பிறருடைய கண்ணையும் கவனத்தையும் அவர்கள் சம்மதமில்லாமலே எடுத்துக்கொள்கிறார். எடுத்துக்கொள்கிறவருக்குக் கடமை உண்டு. அந்தக் கடமை எத்தகையது என்பதை இவ்வாரம் சற்று யோசிப்போம்.

விளம்பரமே பாவம் என்று சொல்ல வருகிறோமோ என்று கடை வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டாம். கீரை விற்கும் அம்மாள் தெருவில் கூவாமல் போனால் அவளுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். தையல் வகுப்பு எங்கே, வாடகை வீடு எங்கே என்று அறிவிப்பது ஊருக்குச் செய்யும் உதவியே. தன் சரக்கை நல்லதென்று புகழ்வதும் உலக வழக்கம்தான். தன் மோர் புளிக்கிறதென்று எந்த மோர்க்காரியும் சொல்வதில்லை. கேட்கிற நாமும் அதை அறிந்தே கேட்கிறோம். இதில் வஞ்சகம் இல்லை.

அப்படியானால் வஞ்சகம் எங்கே தொடங்குகிறது? சமூகத் தொடர்புக்கான திருப்பீடக் குழு 1997-ம் ஆண்டில் விளம்பர ஒழுக்கத்தைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் அது அளவுகோலாக வைத்தது. அக்கோலை எடுத்துக்கொண்டு நம் வீதியில் சற்று நடப்போம்.

முதலாவது, உண்மை. சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-ம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் வந்தது. நீரிழிவும் அப்பட்டியலில் உண்டு. ஆயினும் அதை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லும் நோட்டீஸ்கள் இன்னும் சுவர்களில் காணப்படுகின்றன. அதை நம்பி ஓர் ஏழை தன் மாத்திரையை நிறுத்திவிட்டால், அவர் இழப்பது பணத்தை மட்டுமன்று, உயிரையும் இழக்கக்கூடும். இதைவிடச் சூட்சுமமான பொய்யும் உண்டு. மதுவுக்கு விளம்பரம் கூடாதென்றால், அதே பெயரில் சோடாவுக்கும் குடிதண்ணீருக்கும் இசைத்தட்டுக்கும் விளம்பரம் செய்வார்கள். சொல் ஒவ்வொன்றும் மெய், சொன்னதோ பொய். இத்தகைய மாற்றுவேட விளம்பரங்களை மத்திய அரசு 2022-ம் ஆண்டின் நெறிமுறைகளில் தடைசெய்தது. பொய் நாவில் மட்டுமன்று, நோக்கத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாவது, மனித மாண்பு. ஒரு பொருளை விற்பதற்கு முன், அது இல்லாதவரை வெட்கப்படச் செய்வது ஒரு தந்திரம். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு 1975-ம் ஆண்டில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. நிறம் வெளுத்தால் வேலையும் வரனும் கைகூடும் என்னும் பாவனையில் அதன் விளம்பரங்கள் பல அமைந்தன. 2020-ம் ஆண்டில் ‘ஃபேர்’ என்னும் சொல்லைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டார்கள். நல்லதே. ஆனால் இடைப்பட்ட 45 ஆண்டுகளில், பெற்ற தாயின் நிறத்தையே குறையாக எண்ணிக் கண்ணாடி முன் நின்று வருந்திய பெண்களின் துயரத்தை யார் நீக்குவார்?

மூன்றாவது, சமூகப் பொறுப்பு. குழந்தைகளுக்கான புட்டிப்பால் மாவை விளம்பரம் செய்யக்கூடாதென்று 1992-ம் ஆண்டின் சட்டம் சொல்லுகிறது. அந்த டப்பாவின்மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கலாகாது. தாய்ப்பாலே சிறந்ததென்று அதிலேயே அச்சிட வேண்டும். கொழுகொழுவென்ற குழந்தையின் படம் பொய்யா? பொய்யில்லை. ஆனால் பிரசவித்துச் சில நாளே ஆகி, பால் போதவில்லையோ என்று கலங்கியிருக்கும் இளந்தாயை அந்தப் படம் வென்றுவிடும். எதிர்த்து நிற்க வலுவில்லாதவரிடம் விற்பனைப் பேச்சுப் பேசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். இனிப்புப் பண்டத்தோடு பொம்மையும் தருவதாகச் சொல்லிச் சிறுவரை இழுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

விளம்பரம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பார் சிலர். பிரேசில் நாட்டின் சான் பாவுலோ நகரில் 2006-ம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, 2007 ஜனவரி முதல் வீதிப் பலகைகளை அகற்றினார்கள். ஏறக்குறைய 15,000 பலகைகள் இறங்கின. பின்னர் பேருந்து நிறுத்தங்களில் ஓரளவு அனுமதித்தார்கள். ஆயினும் அது இன்றும் அந்நாட்டின் பெரிய வணிக நகரமாகவே விளங்குகிறது.

இதுவரை கம்பெனிக்காரர்களைச் சொன்னோம். அது சுலபம். இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2019 செப்டம்பர் 12-ந் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில், வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பிய 23 வயதுப் பெண்மேல் சாலை நடுவில் வைத்திருந்த ஒரு பேனர் விழுந்தது. அவள் தடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. அந்தப் பேனர் சோப்பு விற்க வைத்ததன்று. ஒரு கலியாண வீட்டுக்காக அனுமதியின்றி வைத்தது.

காதணி விழா, புதுநன்மை, திருமணம், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருநாள் என்று நாமும் பேனர் கட்டுகிறோம். நாம் எதையும் விற்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நடப்பவரின் பாதையையும் ஓட்டுபவரின் பார்வையையும் எடுத்துக்கொண்டு, நம் பெருமையை ஊருக்குக் காட்டுகிறோம் அல்லவா? கம்பெனிக்கு வைத்த அதே அளவுகோல் நமக்கும் உண்டு. மகிழ்ச்சியை அறிவிக்க அழைப்பிதழ் போதும். துக்கத்தை அறிவிக்க அண்டைவீட்டார் போதும்.

மதிற்சுவரை வாடகைக்கு விடுகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சரிபாராமல் தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நடிகருக்குச் சட்டம் சொல்வதைச் சுவருக்குரியவருக்கு மனச்சாட்சி சொல்லுகிறது. எழுதுவது என்னவென்று படித்துப் பார்த்தபின் பணம் வாங்குங்கள்.

பெற்றோர்களே, வீதியை மூட முடியாது. பிள்ளையின் கண்ணைத் திறக்க முடியும். வழியில் காணும் ஒரு விளம்பரத்தைக் காட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைச் சொல்லுகிறவர் யார்? எதற்காகச் சொல்லுகிறார்? எதைச் சொல்லாமல் விட்டார்? இவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளையை நாளைக்கு எந்தப் பலகையும் எளிதில் ஏமாற்றாது. வளர்ந்தபின் அதுவும் பிறரை ஏமாற்றத் துணியாது.