தொட்டியின் உட்புறம்

பழைய மோட்டார் சைக்கிளை விற்பவர், அதன் பெட்ரோல் தொட்டியினுள் துரு இருந்ததை வாங்குவோரிடம் சொல்லத்தான் வேண்டுமா? வாணிபம் செய்யும் நாம் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. இரும்புத் தொட்டி பாதி காலியாகக் கிடந்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிர்ச்சியில் நீர்த்துளியாகப் படிகிறது. நீர் பெட்ரோலை விடக் கனமானது. ஆகவே அடியில் தங்கி இரும்பைத் தின்கிறது. உதிரும் துரு கார்புரேட்டரை அடைத்து, வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும்.

நீக்கும் வழியும் உண்டு. பெட்ரோலை முழுதும் வடித்துக் கழுவி, தொட்டி நிறைய வினிகர் ஊற்றி ஓரிரு நாள் வைப்பார்கள். சிறு சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்கினால் கெட்டித் துருவும் கழலும். பின்பு சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் புரட்ட வேண்டும். தாமதித்தால் மறுபடியும் துரு பூக்கும். அருகில் நெருப்பு ஆகாது. காலித் தொட்டியில் தங்கிய ஆவியே வெடித்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டவர், "குறைதான் நீங்கிவிட்டதே, இனி எதற்குச் சொல்வது?" என்பார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் துரு என்பது இரும்பின் மேல் ஒட்டிய அழுக்கன்று; இரும்பே துருவாக மாறியது. துருவை நீக்கலாம், துருவாகிப் போன இரும்பு திரும்பி வராது. தகடு அந்த அளவுக்கு மெலிந்தே இருக்கும். அதனை முழுத் தகடு என்று எண்ணியே வாங்குபவர் பணம் எண்ணி வைக்கிறார்.

"பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு" என்பாரும் உளர். கண் எட்டும் இடத்திற்கு அது பொருந்தும். தொட்டியின் அடியைப் பார்த்தவர் விற்பவர் ஒருவரே. அறிந்தவர் வாய் மூடினால், அறியாதவர் எப்படிப் பார்த்து வாங்குவார்?

சொன்னால் விலை குறையும், மெய்தான். துருவை நீக்கிய உழைப்புக்குக் கூலி கேட்போம். அது நமக்கு உரியது. வாங்குபவரின் அறியாமைக்கு விலை வைத்தால் அது நமக்கு உரியதன்று. அந்தக் காசில் பரக்கத் இராது. உள்ளதைச் சொல்லி விற்போம். குறைந்த விலைக்குப் போனாலும், வாங்கியவர் நாளை நம் கடை வாசலைத் தாண்டிப் போகமாட்டார்.