கோல் என்பது நிகழ்வா, தீர்ப்பா?

ஐஸ் ஹாக்கியில் பக் கோல்கோட்டை முழுவதுமாகத் தாண்டினால்தான் கோல். 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை, 2 அங்குல அகலமுள்ள சிவப்புக் கோட்டை விட்டு மிச்சமில்லாமல் அப்பால் போயிருக்க வேண்டும். விளிம்பு கோட்டின்மேல் நின்றாலும் கோல் இல்லை. இந்த விதியைப் படித்தால் கோல் என்பது உலகில் நடக்கும் ஒரு நிகழ்வு, நடுவர் அதைக் கண்டு சொல்பவர் மட்டுமே என்று தோன்றும். ஆட்டக் குறிப்பேட்டில் ஏறுவதோ நடுவர் கோல் என்று சொன்னதுதான். நடந்ததற்கும் சொன்னதற்கும் உள்ள இடைவெளி முன்பு அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. வீடியோ ரீப்ளே வந்ததும் அதை அரங்கமே பார்க்கத் தொடங்கியது.

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தொழில்முறை லீகான என்எச்எல் 1991-92 பருவத்தில் ரீப்ளேயை ஏற்றது. இன்று அங்கே டொரண்டோவில் உள்ள தனி அறை ஒன்று எல்லா ஆட்டங்களையும் கண்காணிக்கிறது. கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலும் பனித்தளத்தில் நிற்கும் நடுவர்களே ஓரத்துக்குச் சறுக்கிவந்து, ஒரு சிறு திரைமுன் குனிந்து, தாங்கள் சற்றுமுன் சொன்னது சரியா என்று பார்க்கிறார்கள். தன் தீர்ப்பின் மேல்முறையீட்டைத் தானே விசாரிக்கும் நீதிபதியை வேறெங்கும் காண்பது அரிது. அவர்களுக்குக் கிடைக்கும் சாட்சியமும் ஒரே தரம் அல்ல. பெரிய பல்கலைக்கழக அரங்கில் வலைக்கு நேர்மேலே கேமரா இருக்கும்; சிறிய கல்லூரி அரங்கில் சில கோணங்களோடு திருப்திப்பட வேண்டும். ஒரே விதிதான், ஆனால் அதன் உண்மையை அறியும் வசதி ஊருக்கு ஊர் மாறுகிறது.

கேமரா இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பக் ஒரு நொடியில் 40 மீட்டர் போகும். நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அது சுமார் 67 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வலையின் உள்கம்பியில் பட்டுத் தெறிக்கும் பக் இரண்டு படங்களிலும் கோட்டுக்கு வெளியே நின்று, நடுவில் உள்ளே போய் வந்திருக்கலாம். இன்னொரு சமயம், கோல்கீப்பரின் கையுறை முழுவதும் கோட்டுக்கு அப்பால் கிடக்கும். பக் அந்தக் கையுறைக்குள் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கை மட்டும் எந்தக் கேமராவும் காட்டாது. பழைய தருக்க நூல்களின் சொல்லில் சொன்னால், இங்கே கிடைப்பது காட்சி அல்ல, அனுமானம். திரையைப் பார்ப்பவரோ தான் காண்பதாகவே நம்புகிறார்.

நிகழ்வா, தீர்ப்பா என்ற கேள்வியைச் சட்டத் தத்துவம் நெடுநாளாகக் கையாண்டு வருகிறது. எச். எல். ஏ. ஹார்ட் 1961இல் வெளியிட்ட 'த கான்செப்ட் ஆஃப் லா' நூலில் விளையாட்டையே உதாரணமாக எடுத்தார். ஸ்கோரரின் சொல் இறுதியானது என்பது ஒன்று. ஸ்கோரர் சொல்வதெல்லாம்தான் ஸ்கோர் என்பது வேறு. இரண்டாவது வகை ஆட்டத்தில் ஸ்கோரர் தவறு செய்யவே முடியாது, ஏனென்றால் அவர் சொல்லைத் தவிர அளவுகோலே கிடையாது. முதல் வகையில் அவர் தவறலாம். தவறினாலும் அவர் சொல் நிற்கும். இறுதியாக இருப்பதும் பிழையற்று இருப்பதும் ஒன்றல்ல என்பதே ஹார்ட் சொல்ல வந்தது. தத்துவஞானி ஜே. எல். ஆஸ்டினும் இதையே பேச்சின் பக்கமிருந்து பார்த்தார். நடுவரின் அறிவிப்பு ஆட்டத்துக்குள் ஒன்றைச் செய்துமுடிக்கிறது. ஆனாலும் அது சரியா தப்பா என்று கேட்க இடம் உண்டு.

சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 2010இல் எழுதிய கட்டுரை இதை ரீப்ளேக் காலத்துக்குக் கொண்டுவருகிறது. நடுவரிடம் முன்பு இரண்டு பலங்கள் இருந்தன: எல்லோரையும்விட நன்றாகப் பார்க்கும் இடம், தன் சொல்லால் ஆட்டத்தின் உண்மையை ஆக்கும் அதிகாரம். தொலைக்காட்சி முதலாவதைப் பறித்துக்கொண்டது, இரண்டாவதைத் தொடவில்லை. சோபாவில் சாய்ந்திருப்பவர் நடுவரைவிட நன்றாகப் பார்க்கிறார்; அதிகாரம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. தொழில்நுட்பத்தின் வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அநீதியைத் தடுப்பதுதான், துல்லியத்தைத் துரத்துவது அல்ல என்பது காலின்ஸின் முடிவு.

ஆஃப்சைடு விஷயத்தில் ஹாக்கி நேரெதிராகப் போயிருக்கிறது. தாக்கும் அணி வீரர் பக்குக்கு முன்னால் நீலக்கோட்டைக் கடந்து எதிரணி வலையருகே காத்துக் கிடக்கக் கூடாது. அந்த விதி பிறந்தது அதற்காகத்தான். ஆனால் ரீப்ளே தேடுவது காத்துக் கிடந்தவரை அல்ல, சறுக்குக் காலணி ஒன்றின் சில அங்குலங்களை. 2021 மார்ச் 27 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடந்த கல்லூரி ஹாக்கித் தேசியத் தொடரின் வட்டாரப் போட்டியில் மின்னசோட்டா டுலூத் அணி வடக்கு டகோட்டா அணியைச் சந்தித்தது. முதல் கூடுதல் நேரத்திலேயே டுலூத் கோல் போட்டது. வீரர்கள் குவிந்து கொண்டாடினார்கள். நடுவர்கள் திரையைப் பார்த்துவிட்டு ஆஃப்சைடு என்று கோலை ரத்து செய்தார்கள். ஆட்டம் ஐந்தாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. லூக் மைலிமோக் அடித்த கோலில் டுலூத் 3-2 என வென்றபோது கடிகாரக் கணக்கில் 142 நிமிடம் 13 நொடி கழிந்திருந்தது. தேசியத் தொடரின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் அது. அதே அணிதான் கடைசியில் வென்றது என்பதை வைத்து நியாயம் நிலைத்தது என்று ஆறுதல் கொள்வது எளிது. ஆனால் அது தற்செயல். டுலூத் தோற்றிருந்தாலும் அந்த ரத்து விதிப்படி அதே அளவு சரிதான். விதி எதற்காக வந்தது என்ற கேள்வியும் அதே அளவு நின்றிருக்கும்.

அடுத்த சிக்கல், யார் நிரூபிக்க வேண்டும் என்பது. களத்தில் சொன்ன தீர்ப்பு தவறு என்று படம் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டினால் மட்டுமே அது மாறும். கிரிக்கெட்டில் 'அம்பயர்ஸ் கால்' பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இதன் விளைவு விசித்திரமானது. ஒரே மாதிரி மங்கலான இரண்டு படங்கள், இரண்டு ஆட்டங்கள். ஒன்றில் நடுவர் முதலில் கையை நீட்டிக் கோல் என்றார், மற்றதில் இல்லை என்றார். இரண்டு தீர்ப்பும் நிற்கும். பக் எங்கே இருந்தது என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. அரை நொடியில் பிறந்த முதல் சொல்தான் தீர்மானித்தது. சட்ட அறிஞர் மிட்செல் பெர்மன் 2011இல் எழுதிய 'ரீப்ளே' என்ற நீண்ட கட்டுரை, அமெரிக்கக் கால்பந்தை முன்வைத்து, இவ்வளவு கடுமையான சான்றுத்தரம் ஏன் வேண்டும் என்றே கேட்கிறது. களநடுவரின் பார்வைக்கு இன்னும் மதிப்பு உண்டு என்பது ஒரு பதில். அவர் நிற்கும் இடத்தை எட்டாத கோணங்களிலிருந்து எடுத்த படத்தைப் பொறுத்தவரை அந்தப் பதில் செல்லும். நேர்மேல் கேமரா இருக்கும் அரங்கில் அது மெலிந்துபோகிறது.

கேமரா எட்டவே முடியாத இடம் ஒன்றும் இருக்கிறது: நடுவரின் மனம். நடுவர் பக்கைக் கண்ணிலிருந்து தவறவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். விசிலை உதட்டுக்குக் கொண்டுபோக நேரம் பிடிக்கும் என்பதால், ஆட்டம் நிற்பது விசில் ஒலித்தபோது அல்ல, ஊத வேண்டும் என்று அவர் முடிவெடுத்தபோது. 2010 மார்ச்சில் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் மிச்சிகனும் ஓஹையோவின் மயாமியும் மோதிய வட்டார இறுதியில், முதல் கூடுதல் நேரத்தில் மிச்சிகன் பக்கை வலைக்குள் தள்ளியது. ஆட்டம் அதற்குள் நின்றுவிட்டது என்று நடுவர் தீர்மானித்ததால் கோல் கிடைக்கவில்லை. இரண்டாவது கூடுதல் நேரத்தில் மயாமி 3-2 என வென்றது. பக் கோட்டைக் கடந்த கணத்தைப் படம் காட்டும். மனம் முடிவெடுத்த கணத்தைக் காட்டும் படம் கிடையாது. அதற்கு ஒரே சாட்சி, தீர்ப்புச் சொல்லும் அவரேதான். ஹார்ட் பிரித்துவைத்த இரண்டு ஆட்டங்களும் இங்கே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பக்கைப் பற்றி நடுவர் தவறலாம், தன் எண்ணத்தைப் பற்றி அவரை மறுக்க ஆளில்லை.

வீரர்களின் மனத்தையும் படம் உள்ளபடி காட்டுவதில்லை. கடுமையான மோதல்களைத் திரையில் பார்த்துத் தண்டனையை முடிவு செய்ய நடுவர்களுக்கு இடமுண்டு. 2016இல் யூஜின் கருசோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே செயலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பவர்கள் அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று கருதுவது அதிகம். யோசிக்க நேரம் இருந்தது போன்ற தோற்றம் உண்டாவதே காரணம். முழு வேகத்தில் விபத்தாகத் தெரிந்த முழங்கை, மெதுவாக ஓடும் படத்தில் குறிபார்த்த அடியாகிவிடுகிறது.

இந்த விசாரணைகளுக்கெல்லாம் ஒரு கதவடைப்பு உண்டு. ஆட்டம் ஒருமுறை நின்று, ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் பேஸ்ஆஃபுக்குப் பக் பனித்தளத்தில் விழுந்துவிட்டால் முந்தைய கோலைத் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் பக் உள்ளே போனதை யாரும் கவனிக்காமல் ஆட்டம் தொடர்ந்திருந்தால், அடுத்து நிற்கும்போது ரீப்ளே பார்த்துக் கோலைக் கொடுத்துக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பலாம். இடைப்பட்ட நேரம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டிருந்தாலும் அது அழியும். என்எச்எல் விதிப்படி, அந்த அழிந்த நேரத்தில் செய்த குற்றத்துக்கான பெனால்டி மட்டும் பொதுவாக நிற்கும்.